காரணம்: மிக்கேல்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் உள்ள குடியிருப்பில் ஆயிரத்து நானூற்றுப் பதினோரு குடும்பங்கள் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தன. விட்டுப்போனது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லித்தான் மனு.

புதுக்கரையில் இப்படி ஓர் ஒற்றுமையை அதுவரை யாரும் கண்டதில்லை. கடல் உள்ளே ஏறி வந்து நாலு ஊர்களைத் தின்ற பிறகு, அந்த நாலு ஊர் ஜனத்தையும் அரசாங்கம் அள்ளிக்கொண்டு வந்து இருபத்திரண்டு அடுக்குமாடிகளில் கொட்டியது. மணல்மேட்டுக்காரர்களுக்கும் உப்பளத்தூர்க்காரர்களுக்கும் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மற்ற இரண்டு ஊர்க்காரர்களுக்கு இவர்கள் இரண்டு பேரையுமே பிடிக்காது. அவர்களை ஒரே லிஃப்டில் ஏற்றி, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசிக்க எந்த அதிகாரிக்கும் நேரமில்லை. முதல் வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு போலீஸ் வழக்கு. இரண்டு சாவு.

அந்த இரண்டில் ஒன்று கொம்பையா. மூன்றாம் பிளாக் குழாயடியில் யாரோ தன் குடத்தைப் பின்னால் தள்ளி வைத்ததற்காகச் சண்டைக்குப் போனான். மண்டையில் விழுந்த அடியில் அங்கேயே போய்விட்டான். இருபத்தாறு வயது. அவனுடைய அக்காதான் ஆவுடையம்மாள், புதுக்கரையின் செயல்பாட்டுப் பொறியாளர். அந்த மனு இப்போது அவள் மேஜையில் கிடந்தது.

மனுவில் இருந்த பெயரைப் படித்ததும், ‘இந்த ஆளா? போய்த் தொலையட்டும்’ என்றுதான் அவளுக்கும் தோன்றியது. இத்தனைக்கும் அந்த மிக்கேலை அவள் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

கையெழுத்துகளைப் புரட்டினாள். மூன்றாம் பிளாக் பக்கத்தில் அவள் வீட்டுக் கையெழுத்தும் இருந்தது. புருஷன் சுயம்புவுக்குப் போன் போட்டாள்.

“நீங்களும் போட்டிருக்கியளா?”

“பின்னே? நம்ம வீட்டுக்கு மட்டும் தண்ணி லேட்டா வரலியா? கடைக்கு வந்தவுகதான் காகிதத்தை நீட்டுனாக. மணல்மேட்டாளுக ரெண்டு பேரு, நம்மாளுக ரெண்டு பேரு. ஒண்ணாச் சேர்ந்து வந்தாவ ஏட்டி! எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு.”

சுயம்புவுக்கு ஐந்தாம் பிளாக்கின் கீழே தையல் கடை. நல்ல மனுஷன்தான்.

இரண்டாம் வருஷத்தில் ‘இணக்கம்’ என்ற தானியங்கி நிர்வாக அமைப்பு வந்தது. பெட்டி பெட்டியாய் இயந்திரங்கள் வந்து இறங்கும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால், வந்தது ஒரு சின்ன அறை நிறையக் கணினிகளும் பிளாக்குக்கு ஒரு அறிவிப்புப் பலகையும் மட்டும்தான். தண்ணீர் வால்வுகள், லிஃப்ட், ரேஷன் வரிசை, குப்பை வண்டி எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் விட்டார்கள். அதற்குச் சொல்லப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: சண்டையைக் குறை. எப்படிக் குறைப்பது என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அதுவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆனாலும் முதல் ஆறு மாதம் அதுவும் திணறியது. ‘தண்ணீர் இரண்டு மணி நேரம் தாமதம்’ என்று பலகையில் வந்தால், ‘ஏன்? எதுக்கு? யாரால?’ என்று பலகைக்கு முன்னாலேயே அடிதடி. ஆவுடைக்குத் தன் ஜனத்தைத் தெரியும். தண்ணீர் இல்லாமல் இருந்துவிடுவார்கள். காரணம் தெரியாமல் இருக்க மாட்டார்கள். அதனால், எந்த அறிவிப்பு வந்தாலும் அதன் கீழே ‘காரணம்’ என்று ஒரு வரி கட்டாயம் வரும்படி அவள்தான் சேர்த்தாள். அந்த ஒரு வரிக்குப் பிறகு வழக்குகள் மளமளவென்று குறைந்தன. நான்காம் வருஷம் மொத்தமே மூன்று வழக்கு. அதில் ஒன்று நாய் கடித்தது. தலைநகரத்தில் கூப்பிட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் தம்பியை நினைத்து அழுதாள்.

காலி செய்யும் உத்தரவுக்கு முன்னால், செயல்பாட்டுப் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அது விதி. மறுநாள் காலை ஏழாம் பிளாக்குக்குப் போனாள்.

மிக்கேல் வீடு ஏழாம் மாடி. லிஃப்டுக்கு நிற்கும்போது படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். அறுபது வயதிருக்கும் ஒருவர் தோளில் கேஸ் சிலிண்டரோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்.

“லிஃப்ட் ஓடுதே அண்ணாச்சி. ஏன் படியில போறிய?”

அவர் திரும்பாமலே சொன்னார். “நான் ஏறுனா நின்னுபோகுதும்மா. பதினெட்டாம் பிளாக்ல நிக்கிறதுகூட என்னாலதான்னு போர்டுல வருது. எதுக்கு வம்பு.”

அவர்தான் மிக்கேல் என்று அப்போதுதான் தெரிந்தது. மனதில் இருந்த ஆள் வேறு: தடியாய், மீசையோடு, சிவந்த கண்ணோடு. இவர் ஒல்லியாய், வெட்கப்பட்டுச் சிரிக்கும் ஆளாய் இருந்தார். ஆவுடையும் அவர் பின்னால் படியேறினாள்.

வீட்டில் அவர் மனைவி செசிலி, ஆள் வந்த சத்தம் கேட்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. எட்டு மாசமா வெளிய வர்றதில்ல. ரேஷன் வரிசையில ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து இவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுட்டாங்க. அடிக்கலை, திட்டலை. திரும்பி நின்னாங்க, அவ்வளவுதான்.” அவரே ஒரு நோட்டை எடுத்து வந்தார். “நானும் என்னைத் திருத்திக்கத்தான் பாக்குறேன். பாருங்க.”

தேதி போட்டு எழுதியிருந்தார். ‘குளியல் அரை வாளியாகக் குறைத்தேன். ஆனாலும் தண்ணீர் தாமதம்.’ ‘குளியலை நிறுத்தினேன். தாமதம்.’ ‘குப்பையை வெளியே வைக்கவில்லை. ஆனாலும் பத்தொன்பதாம் பிளாக்கில் வண்டி வரவில்லை. காரணம் நான்.’ பக்கம் பக்கமாக அதேதான்.

“நீங்க ஒண்ணும் பண்ணலையே அண்ணாச்சி! அப்புறம் எப்படி உங்களால ஆகும்?”

“மெஷின் பொய் சொல்லாதுல்லம்மா” என்றார் அவர். அவளுக்கே எடுத்துச் சொல்வதைப்போல அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். “நான் இந்த நாலு ஊருக்காரன் இல்ல. பாம்பன் பக்கம். ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிட்டேன். முதல்ல ஒரு தப்புப் பண்ணது நிஜம். வால்வு இறுகிக் கிடந்துச்சு. வயசானவங்க குடத்தோட நிக்கிறாங்களேன்னு ஸ்பேனரை எடுத்துத் திருப்பினேன். மூணு பிளாக்குக்குத் தண்ணி நின்னுபோச்சு. அன்னையில இருந்துதான்.”

பேச்சை மாற்ற நினைத்து ஐஸ் ஃபாக்டரியில் என்ன வேலை என்று கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கம்ப்ரஸர். முப்பது வருஷம். ஜனங்க நினைக்கிறாங்க, ஐஸ் ஃபாக்டரின்னா உள்ள சில்லுனு இருக்கும்னு. இருக்கும், உள்ள. நான் நின்னது பின்னாடி. அங்க மனுஷன் நிக்க முடியாது. வெந்து போகும். குளிரை யாரும் உண்டாக்க முடியாதும்மா. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுறதுதான் மொத்த வேலையும். எங்க தள்ளினாலும் அங்க எவனாவது நின்னுதானே ஆகணும்?”

ஆவுடை விடைபெற்று அதே படியில் இறங்கினாள்.

அலுவலகம் போய் ‘இணக்க’த்தின் பதிவுகளைத் திறந்தாள். நாலு வருஷத்தில் அவள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஜனங்கள் அமைதியாக இருந்தார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்?

அது ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஒரு தாமதத்துக்கு நூறு காரணம் இருக்கும். பம்ப் பழசு, மின்சாரம் குறைவு, முந்நூறு வீட்டில் ஒரே நேரத்தில் துணி துவைத்தது. அந்த நூறில் எங்கோ ஒரு மூலையில் மிக்கேல் வீட்டு அரை வாளித் தண்ணீரும் இருக்கும். பலகையில் இடமிருந்தது ஒரு காரணத்துக்கு மட்டும்தான். எதைப் போட்டால் சண்டை குறைகிறதோ அதை அது போட்டது. பம்ப் என்று போட்டால் பம்ப் ஆபரேட்டருக்கு அடி. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் பக்கத்து வீட்டோடு சண்டை. வால்வு விஷயத்தில் மிக்கேல் பெயர் போன அன்று இருபத்திரண்டு பிளாக்கிலும் ஒரே ஒரு கைகலப்புக்கூட இல்லை. கேட்க நாதியில்லாத ஒருவரைத் திட்டிக்கொண்டு மணல்மேட்டுக்காரியும் உப்பளத்தூர்க்காரியும் முதல்முறையாக ஒருவருக்கொருவர் குடம் தூக்கிவிட்டிருந்தார்கள். இயந்திரம் அதைக் குறித்துக்கொண்டது.

திட்ட இயக்குநர் திரவியத்திடம் ஓடினாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்த மனிதர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “தெரியும்” என்றார்.

“தெரியுமா? எப்போல இருந்து சார்?”

“ரெண்டு வருஷமா. உக்காரு ஆவுடை. தண்ணி குடி.”

“ஒரு மனுஷன் குளிக்காம இருக்காரு சார்! அந்தம்மா வெளிய வரலை!”

“முந்நூத்தி பன்னெண்டு வழக்கு இருந்துது. அதுல உன் தம்பி சாவும் ஒண்ணு. நான் கணக்குப் போட்டுச் சொல்லலை, நடந்ததைச் சொல்லுதேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேல விட்ட கல்லு கீழதான் விழும்னு ஒரு சட்டம் இருக்குல்லா? அதை எந்த அரசாங்கமும் போடலை, எந்த அரசாங்கமும் எடுக்கவும் முடியாது. ஜனங்களுக்குள்ளயும் அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது. நாலு ஊரு கூடி இருக்கணும்னா, எல்லாருமாச் சேர்ந்து வெறுக்க ஒண்ணு வேணும். முந்தி நமக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் வெறுத்தோம். இப்ப மொத்தமா ஒரு இடத்துல போய் விழுது. அந்த மெஷினு கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. தண்ணி பள்ளத்தைத் தேடுற மாதிரி தேடிக் கண்டுபிடிச்சிருக்கு.”

“நான் மாத்துதேன் சார்.”

“மாத்து. நான் தடுக்கலை. அந்த மனுவையும் கிழிச்சுப் போடு. ஆனா எதை எடுத்தாலும் அது எங்கயாவது போய் உக்காரும். அதை மட்டும் மறக்காத.”

மனுவை அவள் நிராகரித்தாள். ‘காரணம்’ வரியில் எவர் பெயரும் வரக்கூடாது என்று அன்றைக்கே ஆணை எழுதினாள். செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

நிம்மதி மூன்று நாள். ‘காரணம்: மின்சாரக் குறைவு’ என்று வந்ததும், ‘எல்லாப் பிளாக்குக்கும்தானே குறைவு, அவனுகளுக்கு மட்டும் எப்படி வந்துது?’ என்று ஆரம்பித்தார்கள். பதினொன்றாம் பிளாக் லிஃப்டுக்குள் இரண்டு பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டே ஒன்பது மாடி ஏறினார்கள். நான்காம் நாள் மூன்றாம் பிளாக் குழாயடியில், கொம்பையா விழுந்த அதே சிமெண்ட் தளத்தில், ஒருவன் மண்டை உடைந்து கிடந்தான். பன்னிரண்டு தையல். பிழைத்துக்கொண்டான். சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடிய ஆவுடை, கீழே இரத்தத்தையும் உருண்டு கிடந்த குடத்தையும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கடலில் நல்ல இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, அவர்கள் ஊரில் வலை போட முறை வைப்பார்கள். இன்று ஒருவன், நாளை அடுத்தவன். பழியையும் அப்படிப் பங்கு வைத்தால் என்ன? வீட்டுக்கு ஒரு நாள். ஒரு சுற்று வந்து முடிய நாலு வருஷம் ஆகிவிடும். ஒரு நாள் திட்டு வாங்கினால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஜோரான யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

முதல் நாள் பெயர் மணல்மேட்டில் பெரிய குடும்பத்து ஆளுடையது. அவருக்கு நாற்பது பங்காளிகள். மத்தியானத்துக்குள் நாற்பது பேரும் கம்போடு இறங்கிவிட்டார்கள். போலீஸ் வண்டி இரண்டு வந்தது. யோசனை அன்றோடு முடிந்தது.

அன்று மாலை திரையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெயர் வேண்டும். அது ஒரே பெயராக இருக்க வேண்டும். கேட்க ஆளில்லாத பெயராக இருக்க வேண்டும். இதெல்லாம் இயந்திரம் எப்போதோ கண்டுபிடித்ததுதான். அவள் கடைசியில் எழுதிய ஆணை மிகச் சின்னது: ‘மிக்கேல் தவிர.’ வேறு யார் என்று அவள் சொல்லவில்லை. யாரோ ஒருவர் தலையில் விழட்டும் என்றுதான் எழுதினாள். முகம் தெரியாத ஒருவர் என்றால் எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை குழாயடிக்கு அவள் குடத்தோடு போனபோது பேச்சு நின்றது. பலகையைப் பார்த்தாள்.

‘தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதம். காரணம்: மூன்றாம் பிளாக் ஆவுடையம்மாள், அமைப்பில் கை வைத்தது.’

பொய் இல்லை. கை வைத்தாள்தானே.

உப்பளத்தூர்க்காரிதான் அவள். ஆனால் கூடப் பிறந்தவன் போய்விட்டான். அதிகாரி ஆன பிறகு சொந்தக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள். சால்வை போர்த்திய படம் பேப்பரில் வந்ததிலிருந்து பொறாமை வேறு. இயந்திரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறது. ஒரு வாரத்தில் குடியிருப்பு பழையபடி அமைதியாகிவிட்டது. லிஃப்டில் முடியைப் பிடித்த இரண்டு பெண்களும் சேர்ந்து சந்தைக்குப் போவதை அவளே பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

சுயம்புவின் கடைக்குத் துணி வருவது நின்றது. தைத்து வைத்த ரவிக்கைகளைக்கூட வாங்கிப்போக யாரும் வரவில்லை.

“ஒத்தை வரிதானே ஏட்டி? மிக்கேல் தவிரன்னு எழுதுன கை, ஆவுடை தவிரன்னு எழுதாதா?”

அவள் அதை யோசிக்காமல் இல்லை. மறுநாள் அலுவலகத்தில், ‘இணக்கம்’ வரிசைப்படுத்தி வைத்திருந்த பெயர்ப் பட்டியலைத் திறந்து, தனக்கு அடுத்து யார் என்று பார்த்தாள். பன்னிரண்டாம் பிளாக், பேச்சியம்மாள், வயது முப்பத்தொன்று, தனியாள், காது கேளாதவள். ஆவுடை விசைப்பலகை மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. விரலை எடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் மிக்கேல் வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். வேட்டி சட்டை பளிச்சென்று இருந்தது. நன்றாகக் குளித்த சோப்பு வாசனை.

“செசிலி நேத்து மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தாம்மா. நாலு பேரு பேசுனாங்களாம். மீன் குழம்பு வச்சா.” கையில் இருந்த நோட்டை நீட்டினார். “எனக்கு இனிமே வேண்டாம். உங்களுக்கு ஆகும். குளியலை நிறுத்திப் பிரயோஜனம் இல்ல, நான் பண்ணிப் பாத்தாச்சு. ரேஷனுக்குக் கடைசி ஆளாப் போங்க. அது கொஞ்சம் பரவாயில்ல.” இரண்டு பக்கமும் பார்த்தார். “நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்மா.”

அவள் கும்பிட்டாள். தான் படுவது என்னவென்று இவர் ஒருவருக்காவது தெரியும், அது போதும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் இரண்டு மாதம் ஓட்டினாள். நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் தன் தேதிகளையும் எழுத ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து மனு வந்தது. முறைப்படி அது செயல்பாட்டுப் பொறியாளருக்குத்தான் வர வேண்டும், வந்தது. தன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் மனுவுக்குத் தானே எண் போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்துகளை எண்ணினாள். தன் வீடு இருக்காது, மிக்கேல் வீடும் இருக்காது, ஆயிரத்து நானூற்றுப் பத்து வர வேண்டும்.

ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று வந்தது.

எண்ணியதில் பிசகு என்று மறுபடி எண்ணினாள். பிறகு ஏழாம் பிளாக்கின் பக்கத்தைத் திருப்பினாள். முதல் கையெழுத்தே அவருடையதுதான். நோட்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே குண்டு எழுத்து. கை நடுக்கமில்லாமல், அழுத்தமாகப் போட்டிருந்தார்.

ஆவுடைக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம், தம்பியைக் கொன்றவன் மேல்கூட வந்ததில்லை. அதே சமயம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தக் கோபம் அவளுக்கு இதமாகவும் இருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியதைப்போல இருந்தது.

விதிப்படி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனாள். சுயம்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். பெயர், பிளாக், வீட்டு எண் எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசியாக ‘காரணம்’ என்ற கட்டம். பலகையில் அவளே சேர்த்த அதே சொல். அதற்கு அவள் யோசிக்கவே இல்லை, பேனா தடங்கலில்லாமல் ஓடியது. கையெழுத்துப் போடும் முன்பு ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

மிக்கேல் என்று எழுதியிருந்தாள்.